ஓவர்டைம் வேண்டாம் என்பவரின் கையில் எஞ்சுவது எவ்வளவு?

11 அக்டோபர் 2025, காலை (ஒரு கடை உரிமையாளரின் கேள்வி)

மேற்கு லண்டனில் பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த கடை ஒன்றை நடத்துகிறேன். நத்தாருக்கு முந்திய வாரங்களில் ஆள் போதாது. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாகச் சொல்லியும் இரண்டு பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் வாரம் 16 மணித்தியாலத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறார். மற்றவர் 20 வரை செய்கிறார், அதற்கு மேல் முடியாது என்கிறார். இருவரும் நல்ல வேலைக்காரர்கள். அரசாங்கம் பெனிஃபிட் கொடுப்பதால் உழைக்கும் எண்ணம் போய்விடுகிறது என்று எனக்குத் தெரிந்த வியாபாரிகள் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதானா?

11 அக்டோபர் 2025, இரவு

சரியில்லை. பராமரிப்பு நிறுவனமொன்றின் சம்பளப் பகுதியில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிச் சமூக மண்டபத்தில் யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதந்தோறும் தரும் உதவிப்பணம்) படிவங்களை நிரப்ப உதவுகிறேன். ஓவர்டைமை மறுப்பவர்களின் பேஸ்லிப்புகளை (சம்பளச் சீட்டுகளை) இந்த இரண்டு இடங்களிலும் பார்த்து வருகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

20 மணித்தியாலத்தில் நிற்கும் பெண், வாடகை வீட்டில் ஒரு பிள்ளையுடன் வாழும் தனித்தாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு ஏப்ரல் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். வாடகை உதவியோடு யூனிவர்சல் கிரெடிட் பெறும் தாய்க்கு மாதம் 411 பவுண் வரை சம்பளம் கணக்கில் எடுக்கப்படாது. வேர்க் அலவன்ஸ் என்பது அதுதான். அதற்கு மேல் கைக்கு வரும் ஒவ்வொரு பவுணுக்கும் கிரெடிட்டில் 55 பென்ஸ் வெட்டப்படும். ஆகவே 16ஆவது மணித்தியாலத்திலும் 18ஆவது மணித்தியாலத்திலும் நீங்கள் கொடுக்கும் 12.21 பவுணில் அவருக்கு மிஞ்சுவது 5.49 பவுண்.

20 மணித்தியாலத்தைத் தொட்டதும் வாரச் சம்பளம் 244.20 பவுண் ஆகிறது. நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதிக் கழிவு தொடங்கும் எல்லை வாரத்துக்கு 242 பவுண். ஆண்டுக்கு 12,570 பவுண் என்ற வருமான வரி எல்லையை வாரங்களாகப் பிரித்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும். எனவே 21ஆவது மணித்தியாலத்தில் முதலில் வரியாக 20 வீதமும் இன்சூரன்ஸாக 8 வீதமும் போகின்றன, மிஞ்சும் 8.79 பவுணில் 55 வீதம் கிரெடிட்டிலிருந்து கழிக்கப்படுகிறது. கையில் நிற்பது 3.96 பவுண். அந்தப் பெண் 20இல் நிற்பது சும்மா அல்ல.

இப்போது உங்கள் ஒன்றரை மடங்கைப் பாருங்கள். நீங்கள் 18.32 பவுண் கொடுக்கிறீர்கள். அவருக்கு மிஞ்சுவது 5.93. வழக்கமான சம்பளத்தில் 19ஆவது மணித்தியாலத்துக்கு மிஞ்சியதைவிட அது 44 பென்ஸ் மட்டும் கூட. நீங்கள் ஆறு பவுண் அதிகம் கொடுத்துவிட்டு அவர் ஏன் வரவில்லை என்று யோசிக்கிறீர்கள். அவருக்கோ 44 பென்ஸ்தான் கண்ணில் படுகிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

(ஓய்வூதியக் கழிவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.)

12 அக்டோபர் 2025

16 மணித்தியாலத்தில் நிற்கும் பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டில் 16 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் எல்லை கிடையாது. அவர் 16இல் அப்படியே நிற்கிறார் என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கலாம்: டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய உதவித்திட்டக் காலத்துப் பழக்கம், அல்லது கேரர்ஸ் அலவன்ஸ் எனப்படும் பராமரிப்பாளர் உதவிப்பணம். வீட்டில் யாரையாவது பராமரிக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மற்றவர் முன்னால் கேட்க வேண்டாம். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

14 அக்டோபர் 2025

ஒரு வாசகர், 3.96 பவுண் என்றாலும் லாபம்தானே, நட்டம் இல்லையே என்று எழுதியிருக்கிறார். ஏற்கெனவே வேலை செய்யும் நாளில் ஒரு மணித்தியாலம் கூட நின்றால் அது சரி. புதிதாக இன்னொரு நாள் வரச் சொன்னால் கணக்கு மாறிவிடும்.

நான்கு மணித்தியால ஷிஃப்ட் ஒன்றுக்காகத் தனியாக ஒரு நாள் வருகிறார் என்று கொள்வோம். மிஞ்சுவது 15.84 பவுண். பஸ் போக வர 3.50. பிள்ளையைச் சைல்ட்மைண்டரிடம் ஐந்து மணித்தியாலம் விட வேண்டும். மணித்தியாலத்துக்கு 7 பவுண் என்றால் 35 பவுண். அதில் 85 வீதத்தை யூனிவர்சல் கிரெடிட் திருப்பித் தரும், ஆகவே அவர் பொறுப்பது 5.25. கடைசியில் நிற்பது 7.09 பவுண். நான்கு மணித்தியால வேலைக்கும் போய்வரும் நேரத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். அந்த 85 வீதம்கூட முதலில் அவர் கையிலிருந்து கொடுத்துப் பற்றுச்சீட்டைப் பதிந்த பிறகு வரும் காசு. வேலைக்குப் புதிதாகச் சேர்பவருக்கும் மணித்தியாலத்தைக் கூட்டுபவருக்கும் முதல் கட்டணத்தை முன்கூட்டியே தரும் வசதி 2023 ஜூனில் வந்தது. அந்த வசதி இருப்பதே தெரியாமல் சைல்ட்மைண்டரிடம் கடன் சொல்லும் தாய்மார் இன்னும் வருகிறார்கள்.

கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் வீட்டு வரி) குறைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கவுன்சிலும் தன் விருப்பப்படி அதை நடத்துகிறது. 20 வீதம் வெட்டும் இடத்தில் 3.96 என்பது 3.17 ஆகும். வருமானத்தைப் படிகளாகப் பிரித்திருக்கும் கவுன்சிலில், ஒரு படியைத் தாண்டிய வாரம் கூடுதல் உழைப்பு முழுவதும் போய்விடக்கூடும்.

19 அக்டோபர் 2025

இந்த 16 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு.

சம்பளம் குறைந்த குடும்பங்களுக்கு வேலை செய்துகொண்டே உதவி பெறும் திட்டம் பிரித்தானியாவில் 1971இல் தொடங்கியது. 1988இல் அது ஃபமிலி கிரெடிட் ஆனது. அப்போது வாரம் 24 மணித்தியாலம் வேலை செய்தால்தான் உரித்து உண்டு; 1992இல் அதை 16 ஆகக் குறைத்தார்கள். 1999இல் பெயரும் தொகையும் மாறின, 2003இல் வேர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் வந்தது, 16 மட்டும் அப்படியே இருந்தது. 15 மணித்தியாலம் செய்த தனித்தாய்க்கு அந்த உதவி இல்லை. 16 செய்தவருக்கு உண்டு. ஆகவே எல்லோரும் 16க்கு வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள், ஏனென்றால் 17ஆவது மணித்தியாலத்தில் வெட்டு காத்திருந்தது. தனித்தாய்மாரின் வேலை நேரத்தை வரைபடமாகப் போட்ட பொருளியல் ஆய்வாளர்கள், ரிச்சர்ட் பிளண்டெல் போன்றோர், 16இல் எழும் அந்த மேட்டைக் கண்டார்கள். கடைகளும் துப்புரவு நிறுவனங்களும் 16 மணித்தியால ஒப்பந்தங்களையே அச்சடித்து வைத்திருந்தன. வேலை தேடுபவர் கேட்பதற்கு முன்பே முகாமையாளர், "பதினாறா?" என்று கேட்ட காலம் அது.

என் பிள்ளைகள் சிறுவராக இருந்தபோது நானும் 16 மணித்தியாலம்தான் வேலை செய்தேன். மூத்த பெண்கள் எனக்குச் சொல்லித்தந்த முதல் விடயம் அதுதான்: பதினாறைத் தாண்டாதே, கடிதம் வரும். அந்தக் கடிதத்தை யாரும் முழுவதும் வாசித்துப் புரிந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. ஆண்டு முடிவில் உங்கள் வருமானம் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது, ஆகவே இவ்வளவைத் திருப்பிக் கட்டுங்கள் என்று அது சொல்லும். அந்தப் பயம்தான் எங்களுக்கு ரோட்டாவை (வேலை நேர அட்டவணையை) தீர்மானித்தது. சம்பளத்தின் எந்த வீதம் வெட்டப்படுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அரசாங்கமும் அதை உணர்ந்தது. 2006 ஏப்ரல் முதல் ஒரே ஆண்டுக்குள் வருமானம் 25,000 பவுண் வரை கூடினாலும் அந்த ஆண்டின் டாக்ஸ் கிரெடிட்டைத் தொடாது என்று விதியை மாற்றினார்கள். அதாவது அந்த ஆண்டு செய்த ஓவர்டைமால் அந்த ஆண்டின் டாக்ஸ் கிரெடிட்டில் வெட்டு விழவில்லை; வரியும் இன்சூரன்ஸும் மட்டும் போயின. பிறகு அந்த 25,000 படிப்படியாகக் குறைந்து 2016இல் 2,500க்கு வந்து சேர்ந்தது. டாக்ஸ் கிரெடிட் இந்த ஆண்டு ஏப்ரல் 5 உடன் முற்றாக முடிந்துவிட்டது.

20 அக்டோபர் 2025

"இப்போதுள்ள 55 வீதம் முன்பு இருந்ததைவிட நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்கிறார். ஆம், நல்லதுதான். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

யூனிவர்சல் கிரெடிட் 2013இல் தொடங்கியபோது வெட்டும் வீதம் 65. 2017இல் 63. 2021 நவம்பர் 24 முதல் 55. அந்த மாற்றத்தை ரிஷி சுனக் நிதியமைச்சராக இருந்தபோது அக்டோபர் மாத வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார். பெருந்தொற்றுக் காலத்து வாரம் 20 பவுண் உயர்வைப் பறித்த அதே மாதம் அது. 63 வீதமும் 12 வீத இன்சூரன்ஸும் இருந்தபோது வரி கட்டும் ஒருவருக்கு மேலதிக பவுணில் 25 பென்ஸ் மிஞ்சியது. இப்போது 32 பென்ஸ். அதற்கும் முந்திய காலத்தில் டாக்ஸ் கிரெடிட், வீட்டு வாடகை உதவி, கவுன்சில் டாக்ஸ் உதவி மூன்றையும் ஒன்றாகப் பெற்றவர்களுக்குப் பவுணில் நான்கைந்து பென்ஸ் மட்டும் மிஞ்சிய நிலைகளும் இருந்தன.

ஆக வீதம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் எங்கள் மண்டபத்துக்கு வருபவர்கள் ஓவர்டைமுக்கு முன்பு எவ்வளவு தயங்கினார்களோ அவ்வளவு இன்னும் தயங்குகிறார்கள். அதனால்தான் வீதத்தோடு நிறுத்தாமல் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

25 அக்டோபர் 2025

தயக்கத்தின் பெரிய காரணம் காசு எப்போது வெட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. இதை விரிவாக எழுதுகிறேன்.

யூனிவர்சல் கிரெடிட் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதக் கணிப்புக் காலம் வைத்திருக்கிறது. அது அவர் விண்ணப்பித்த திகதியிலிருந்து ஓடுகிறது. சம்பளத் திகதியோடோ வாடகைத் திகதியோடோ அதற்குத் தொடர்பில்லை. அந்த மாதத்துக்குள் எந்தச் சம்பளம் வங்கிக்கு வந்ததோ அதை வரித் திணைக்களத்தின் பதிவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் முடிந்து ஏழு நாளில் பணம் வரும். எந்த வாரத்தில் உழைத்தீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை.

ஒரு பெண் போன ஆண்டு டிசம்பரில் அலுவலகத் துப்புரவு வேலையில் ஓவர்டைம் செய்தார். வரி போகக் கூடுதலாகக் கைக்கு வந்தது 430 பவுண். அதில் பிள்ளைகளுக்குக் குளிர்ச் சட்டைகளும் சப்பாத்தும் வாங்கினார். ஜனவரியில் தொலைபேசியைத் திறந்து என் முன்னால் மேசையில் வைத்தார். கிரெடிட் கூற்றின் நடுவில் சம்பளத்துக்காகக் கழித்த தொகை என்ற வரி. அதற்கு நேரே வழக்கத்தைவிட 236 பவுண் 50 பென்ஸ் கூடிய எண். கீழே இறங்கி, மேலே ஏறி, மறுபடியும் அந்த வரியிலேயே விரலை வைத்தார். கூடவே ஒரு பேஸ்லிப், நான்காக மடித்து வாடகைக் கடிதத்துக்குள் செருகியிருந்தது. ஓவர்டைம் என்ற வரியைச் சுற்றிப் பச்சை மையால் வட்டம். வீட்டுக்காரருக்கு ஜனவரி வாடகை முழுவதும் வேண்டும். உழைத்த காசு டிசம்பரில் வந்து டிசம்பரிலேயே செலவாகிவிட்டது. வெட்டு ஜனவரியில் வந்தது.

அவருக்குக் கணக்குப்படி நட்டம் இல்லை. 430இல் 193.50 அவருடையதுதான். ஆனால் அதை முன்கூட்டியே அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 236 பவுணை எடுத்து வைத்திருப்பார். இந்த ஆண்டு அவர் ஓவர்டைம் கேட்கப் போவதில்லை என்று என்னிடம் சொன்னார். அவருடைய முகாமையாளர் அவரையும் சோம்பேறி என்றே எண்ணக்கூடும்.

வாரச் சம்பளக்காரருக்கு இன்னொரு தொல்லை உண்டு. சில கணிப்புக் காலங்களில் நான்கு சம்பள நாட்களும் சிலவற்றில் ஐந்தும் விழும். 20 மணித்தியாலம் செய்பவருக்கு அந்த ஐந்தாவது சம்பளம் விழும் மாதத்தில் கிரெடிட் சுமார் 134 பவுண் குறையும், ஓவர்டைம் எதுவும் செய்யாமலே. ஆண்டுக் கணக்கில் இது சமன்படும். ஆனால் வாடகை மாதக் கணக்கு. மாதச் சம்பளம் வாங்கிய நான்கு தாய்மார், விடுமுறை நாள் காரணமாக ஒரே கணிப்புக் காலத்தில் இரண்டு சம்பளம் விழுந்ததை எதிர்த்து வழக்காடி 2020 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அந்தத் தீர்ப்பால் மாதச் சம்பளக்காரருக்குத் தீர்வு கிடைத்தது. வாரச் சம்பளமும் நான்கு வாரச் சம்பளமும் வாங்குவோர் இன்னும் அந்த மேடு பள்ளத்தோடுதான் வாழ்கிறார்கள்.

ஏற்கெனவே மாதா மாதம் மாறும் தொகையில் குடும்பம் நடத்தும் ஒருவரிடம், இன்னும் மாறும் ஒன்றை ஏற்றுக்கொள் என்று கேட்கிறோம். அவர் தயங்குவது எனக்கு நியாயமாகவே படுகிறது.

26 அக்டோபர் 2025

கடை உரிமையாளர் பதில் எழுதியிருக்கிறார். 16இல் நிற்கும் பெண் தன் தாயாரைப் பராமரிக்கிறார்; கணவருக்கு வேலை உண்டு; அந்த வீட்டில் யூனிவர்சல் கிரெடிட் இல்லை, கேரர்ஸ் அலவன்ஸ் மட்டும். கேட்டறிந்ததற்கு நன்றி, அண்ணா.

அப்படியென்றால் அவருக்கு டேப்பர் என்று எல்லோரும் சொல்லும் படிப்படியான வெட்டு கிடையாது. ஒரேயடியாகப் போகும். கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண், வாரத்தில் குறைந்தது 35 மணித்தியாலம் ஒருவரைப் பராமரிப்பவருக்கு. வரியும் இன்சூரன்ஸும் போன வாரச் சம்பளம் 196 பவுணைத் தாண்டக் கூடாது. 16 மணித்தியாலச் சம்பளம் 195.36. அவர் எல்லைக்கு 64 பென்ஸ் உள்ளே நிற்கிறார். நீங்கள் ஒன்றரை மடங்கில் ஒரு மணித்தியாலம் கொடுத்தால் அவருக்கு 18.32 பவுண் கூடும், 83.30 பவுண் போகும். வரியைச் சேர்க்காமல் பார்த்தால், அந்த வாரம் ஒரு மணித்தியாலம் அதிகம் உழைத்து 64.98 பவுண் இழப்பார். ஓய்வூதியத்துக்குக் கட்டுவதில் பாதியைக் கழிக்கலாம், ஏறி இறங்கும் சம்பளத்தைச் சராசரி பார்க்கவும் இடமுண்டு. ஆனால் சராசரி எடுப்பார்களா என்பதை அவர் முன்கூட்டியே அறிய முடியாது. பின்னால் தெரியவரும்போது அது கடனாக வரும். அப்படிச் சிறு தொகையால் எல்லையைத் தாண்டி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆயிரக்கணக்கான பவுண் கடனாளியான பராமரிப்பாளர்களின் கதைகள் 2024இல் நாடு முழுவதும் பேசப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் லிஸ் சேய்ஸ் தலைமையில் அரசாங்கம் ஒரு சுயாதீன மீளாய்வை அமைத்தது.

இந்த ஆண்டு ஏப்ரல் வரை எல்லை 151 பவுண். அப்போதிருந்த 11.44 பவுண் சம்பளத்தில் 13 மணித்தியாலம்தான் செய்ய முடிந்தது. அதை 16 மணித்தியாலச் சம்பளத்தோடு இணைத்தது நல்ல மாற்றம். ஆனால் எல்லையைத் தூரத் தள்ளி வைத்தாலும், தாண்டியதும் எல்லாம் போகிறது என்பது மாறவில்லை. இந்தப் பெண்ணைத் தயவுசெய்து ஒரு நாளும் 17ஆவது மணித்தியாலத்துக்கு வற்புறுத்த வேண்டாம்.

2 நவம்பர் 2025

கணவன் மனைவி இருவரும் உள்ள வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் சமூகத்தில் அதிகம் காண்பது அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

யூனிவர்சல் கிரெடிட்டில் வேர்க் அலவன்ஸ் ஒரு வீட்டுக்கு ஒன்று. கணவரின் சம்பளம் அதை முதலிலேயே விழுங்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மனைவி வாரம் 10 மணித்தியாலம் வேலைக்குப் போனால் முதல் பவுணிலிருந்தே 55 பென்ஸ் போகும். 122.10 பவுணில் வீட்டுக்கு நிற்பது 54.95. நாள் முழுவதும் நின்று வேலை செய்தும் வீட்டு வரவு அசையவில்லை என்று அவர் சொல்வது அதனால்தான். அவரை மேலும் ஐந்து மணித்தியாலம் கேட்டால், அந்த நேரத்தில் வீட்டுக்கு எது பயன் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். பெரும்பாலும் கணவர்தான் ஓவர்டைமுக்குப் போவார். முதலாவது வேலையை ஊக்குவிக்கும் திட்டமே இரண்டாவது வேலையைத் தடுக்கிறது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான், ஏனென்றால் அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலமும் அனுபவமும் சேராமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

9 நவம்பர் 2025

அமெரிக்காவிலிருந்து எழுதும் வாசகர், அங்கே உழைப்போருக்கான வரிச்சலுகை யாரையும் மணித்தியாலத்தைக் குறைக்க வைக்கவில்லை என்கிறார். பாதி சரி. 1975இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை 1986இல் விரிவாக்கியதன் விளைவை நாடா எய்சாவும் ஜெஃப்ரி லீப்மனும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் தனித்தாய்மார் கூடினார்கள். ஏற்கெனவே வேலை செய்தவர்கள் மணித்தியாலத்தைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அதே எய்சா பின்னர் ஹிலரி ஹோய்ன்ஸுடன் சேர்ந்து மணமான பெண்களைப் பார்த்தபோது, அவர்களில் சிலர் வேலையை விட்டு விலகியது தெரிந்தது. நவம்பர் 2ஆம் திகதி நான் எழுதியதும் அதுவே.

ஏன் அங்கே தனித்தாய்மார் மணித்தியாலத்தைக் குறைக்கவில்லை? என் எண்ணம் இது: அமெரிக்கச் சலுகை ஆண்டுக்கு ஒருமுறை வரிக் கணக்கு முடித்த பிறகு மொத்தமாக வருகிறது. நவம்பரில் செய்யும் ஓவர்டைம் எவ்வளவு குறைக்கும் என்று அந்த வாரத்தில் யாருக்கும் தெரியாது, டிசம்பர் வாடகையையும் அது தொடாது. இங்கே அடுத்த மாதமே தொலைபேசியில் எண்ணாக வந்து நிற்கிறது. சரியாகவும் உடனுக்குடனும் கணக்கிட வேண்டும் என்று கட்டிய திட்டம், வெட்டை மிக நன்றாகக் கண்ணுக்குக் காட்டுகிறது.

கனடா 1990களில் வேறொன்றைச் சோதித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் உதவிப்பணத்தில் இருந்த தனிப் பெற்றோருக்கு, வாரம் 30 மணித்தியாலம் வேலை செய்தால் மட்டும் மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளத்தோடு மேலதிகத் தொகை கொடுத்தார்கள். முழுநேர வேலைக்குப் போனவர்கள் ஏறத்தாழ இருமடங்கானார்கள். தொகை நின்ற பிறகு அந்த வேறுபாடு மெல்ல மறைந்தது. எல்லையை 16இல் வைத்தால் மக்கள் 16க்கு வருகிறார்கள், 30இல் வைத்தால் 30க்கு வருகிறார்கள்.

16 நவம்பர் 2025

இதுவரை காசையே எழுதியிருக்கிறேன். காசு மட்டுமே காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவர வேறு ஆள் இல்லாதவர், எத்தனை மடங்கு கொடுத்தாலும் வர மாட்டார். பராமரிப்பு வேலையில் முதுகு போனவர்களும் அப்படித்தான். மறுபுறம், மேலாளர் பதவிக்கு வர வேண்டும் என்பதற்காக மணித்தியாலத்துக்கு நான்கு பவுண் மிஞ்சினாலும் ஓடி ஓடி ஷிஃப்ட் எடுப்பவர்களும் எங்கள் நிறுவனத்தில் உண்டு. இன்றைய மணித்தியாலத்துக்கு மிஞ்சுவதைவிட அடுத்த ஆண்டு எங்கே நிற்போம் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். பதவி உயர்வுக்கு வழியே இல்லாத வேலையில் அப்படிப் பார்க்க எதுவும் இல்லை.

இன்னொன்று, ஜாப் சென்டர் என்ற அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகம். 2024 மே முதல், தனியாள் ஒருவர் வாரம் 18 மணித்தியாலத்துக்குரிய குறைந்தபட்சச் சம்பளம் உழைக்காவிட்டால், இன்னும் வேலை தேடு என்று அடிக்கடி அழைக்கப்படலாம். இந்த ஆண்டு அது மாதம் 952 பவுண். 16இலிருந்து 18க்கு வரத் தயாராக இருப்பவர்களை இப்போது காண்கிறேன். அந்த இரண்டு மணித்தியாலம் அவர்களுக்குக் காசுக்காக அல்ல, அங்குள்ள வேர்க் கோச் என்ற அலுவலரைச் சந்திக்கும் நேரம் மிச்சமாவதற்காக. ஆள் தேவைப்படும் உரிமையாளர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

18 நவம்பர் 2025

ஓய்வூதியம் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஓய்வூதியத்துக்குப் போகும் காசை யூனிவர்சல் கிரெடிட் சம்பளமாகக் கணக்கெடுப்பதில்லை. வரி கட்டும் ஒருவர் 100 பவுணை அங்கே போட்டால், திட்டம் நடக்கும் முறையைப் பொறுத்து, கையிலிருந்து குறைவது 36 பவுண் அளவில்தான். ஓவர்டைமில் ஒரு பகுதியை அப்படிப் போடுவது நல்ல வழி. ஆனால் நத்தாருக்குச் சப்பாத்து வாங்க ஓவர்டைம் செய்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

23 நவம்பர் 2025

கடை உரிமையாளர் டிசம்பர் ரோட்டாவைப் போட என்ன செய்யலாம் என்று நேரடியாகக் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பராமரிக்கும் பெண்ணை 16இலேயே விடுங்கள். அவருக்கு உதவ வேண்டுமென்றால் நேரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுங்கள். காலைப் பொழுது அவருக்கு வேண்டும் என்றால் காலை.

20இல் நிற்கும் பெண்ணுக்குப் புதிய நாள் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே வரும் நாட்களில் ஒவ்வொரு மணித்தியாலம் கூட்டிக் கேளுங்கள்; பஸ் காசும் சைல்ட்மைண்டரின் குறைந்தபட்சக் கட்டணமும் மறுபடி கொடுக்க வேண்டியிராது. மூன்று வாரத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். சம்பளம் போடும் நாளையும் சொல்லுங்கள், ஏனென்றால் அவருடைய கணிப்புக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. 24 மணித்தியாலம் செய்தால் அந்த வாரம் உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்று அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றரை மடங்கில் அந்த நான்கு மணித்தியாலத்துக்கு 23.74 பவுண். மறு மாதம் கிரெடிட் குறையும் என்று அவர் முன்பே அறிந்து ஒப்புக்கொண்டால், ஜனவரியில் உங்கள் மேல் கோபம் வராது. வேண்டாம் என்றால் அந்த மணித்தியாலங்களை மாணவர்களுக்கோ பெனிஃபிட் இல்லாதவர்களுக்கோ கொடுங்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் என்ற எல்லை பொதுவாக உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

29 நவம்பர் 2025

இந்த வாரம் வந்த வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 12.71 பவுண் ஆகிறது. அதே ஏப்ரலில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவி இல்லை என்ற விதியை நீக்குகிறார்கள். மூன்றாவது பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். நான் அதை மனதார வரவேற்கிறேன். அதோடு இன்னொன்றும் நடக்கும்: கிரெடிட் தொகை பெரிதாகும்போது அது முற்றாக வெட்டப்பட்டு முடிவதற்கு இன்னும் அதிக சம்பளம் வேண்டும். இதுவரை 55 வீத வெட்டுக்கு வெளியே இருந்த சில குடும்பங்கள் அதற்குள் வருவார்கள். அவர்களில் ஓவர்டைம் செய்பவர்கள் முதல் சில மாதங்கள் குழம்பிப்போவார்கள். ஏப்ரலுக்கு முன்பே அவர்களிடம் பேச வேண்டும்.

சம்பளம் 50 பென்ஸ் கூடுவதால் இனி ஓவர்டைமுக்கு ஆட்கள் வருவார்களா என்று கேட்டவருக்கு: வரி எல்லைக்குக் கீழே உள்ளவருக்கு அந்த 50 பென்ஸில் 22.5 பென்ஸ் மிஞ்சும். மேலே உள்ளவருக்கு 16 பென்ஸ். வரி எல்லை அதே 12,570இல் நிற்பதால், இப்போது 20 மணித்தியாலத்தில் தொடங்கும் வரி அடுத்த ஆண்டு 19 மணித்தியாலம் முடிந்ததும் தொடங்கிவிடும். உங்கள் கடைப் பெண் ஏப்ரலில் 20இலிருந்து 19க்கு இறங்கக் கேட்டால், அவரோடு முதலில் அந்தத் தாளை எடுத்து மறுபடி எழுதிப் பாருங்கள்.